குற்றவாளியின் பெயர் ஓநாய்க்குப் போன கதை

தொலைக்காட்சி அரங்கத்தில் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். நடுவர் மணியடித்துவிட்டால் பாதிப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். அங்கே அவசர அவசரமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதைதான். பாட்டியைப் பார்க்கக் காட்டு வழியே போகிற சிறுமியை ஓர் ஓநாய் மறிக்கிறது. இந்தக் கதையை டென்மார்க்கில் சொன்னால் காட்டுக்குள்ளிருந்து வருவது 'உல்வ்'. நார்வேயில் சொன்னாலும் பெரும்பாலும் 'உல்வ்'தான். ஆனால் சுவீடனுக்குள் போய்விட்டால் அங்கே வருவது 'வர்க்'.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். டேனிஷ், நார்வீஜியன், சுவீடிஷ் மூன்றும் நம் மலாயும் இந்தோனேசியாவும் போல ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான மொழிகள். ஒருவர் தம் மொழியில் பேசினால் பக்கத்து நாட்டுக்காரர் ஓரளவுக்குப் புரிந்துகொள்வார். கரடி, நாய், பூனை, குதிரை எல்லாவற்றுக்கும் மூன்று மொழியிலும் ஏறக்குறைய ஒரே சொற்கள். அப்படியிருக்க, ஓநாய்க்கு மட்டும் சுவீடன் ஏன் தனி வழி போயிற்று?

அந்த 'வர்க்' என்ற சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், நாம் போய்ச் சேருவது காட்டில் அல்ல, நீதிமன்றத்தில். அந்தச் சொல் பிறந்தபோது அதற்கு ஓநாய் என்ற பொருளே இல்லை. அதன் பொருள் குற்றவாளி.

பீமனுக்கும் உல்வுக்கும் உறவு

முதலில் 'உல்வ்' என்பதைப் பார்த்துவிடுவோம். இது மிகப் பழைய சொல். ஆங்கிலத்தின் 'வுல்ஃப்', ஜெர்மனின் 'வோல்ஃப்', இலத்தீனின் 'லூபுஸ்', கிரேக்கத்தின் 'லூக்கோஸ்' எல்லாம் இதன் உடன்பிறப்புகள். வடமொழியில் இதே சொல் 'விருக' என்று நிற்கிறது. பாரதக் கதை கேட்டவர்களுக்கு 'விருகோதரன்' என்ற பெயர் தெரிந்திருக்கும். பீமனின் பெயர்தான் அது. ஓநாயின் வயிறு போலப் பசி அடங்காத வயிறு உடையவன் என்று பொருள். ஆக, பீமனின் பெயரில் இருக்கும் ஓநாயும் டென்மார்க் கதையில் வரும் ஓநாயும் ஒரே ஆதிச் சொல்லின் பிள்ளைகள்.

'வர்க்' என்ற சொல்லுக்கு இப்படிப்பட்ட பரம்பரை கிடையாது. அதன் உறவினர்கள் எல்லாரும் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

கொள்ளையர், பிணத்திருடர், தூக்குமரம்

5-ஆம் நூற்றாண்டு. இன்றைய பிரான்சில் கிளேர்மோன் என்ற ஊரில் சிதோனியுஸ் அப்போலினாரிஸ் என்ற பேராயர் இருந்தார். நிறையக் கடிதம் எழுதியவர். ஒரு கடிதத்தில், கொள்ளையரால் கடத்தப்பட்டு விற்கப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கைப் பற்றிச் சொல்கிறார். உறவினர்கள் அவளைத் தேடி அலைகிறார்கள். அந்தக் கொள்ளையரை உள்ளூர் மக்கள் 'வர்கி' என்று அழைப்பதாக எழுதுகிறார். அங்கே ஓநாய் பற்றிய பேச்சே இல்லை. ஆள் கடத்துகிற மனிதர்கள்தான்.

அடுத்து 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பிராங்க் மக்களின் அரசர் குளோவிஸ் காலத்தைச் சேர்ந்த சாலிக் சட்டம். அதில் ஒரு விதி என்னை மிகவும் பாதித்தது. புதைத்த பிணத்தைத் தோண்டி எடுத்துக் கொள்ளையடித்தவன் 'வர்குஸ்' ஆகிவிடுவான். இறந்தவரின் உறவினர்களுடன் அவன் சமாதானமாகி, அவர்களே அவனை ஊரோடு சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிற வரைக்கும் அவன் மனிதர் மத்தியில் நடமாடக் கூடாது. அதுவரை அவனுக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்தாலும், ஓர் இரவு தங்க இடம் கொடுத்தாலும் 15 பொற்காசு அபராதம். கொடுத்தது அவனுடைய சொந்த மனைவியாக இருந்தாலும் அபராதம்தான்.

யோசித்துப் பாருங்கள். வாசலில் பசியோடு நிற்பவன் கணவன். உள்ளே ரொட்டி இருக்கிறது. கொடுத்தால் அவளும் குற்றவாளி. 'வர்க்' என்ற ஒரு சொல்லுக்கு அவ்வளவு அதிகாரம் இருந்தது.

மற்ற சான்றுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் 'வெயர்க்' என்றால் சபிக்கப்பட்ட கொடியவன். பழைய ஆங்கிலம், பழைய சாக்ஸன் மொழிகளில் தூக்குமரத்துக்கு இந்தச் சொல்லோடு 'மரம்' சேர்த்து ஒரு பெயர் உண்டு. ஓநாய் மரம் என்றால் தூக்குமரத்துக்குப் பொருந்துமா? குற்றவாளி மரம் என்றால் பொருந்துகிறது. பக்கத்து வீடான பின்லாந்து இன்னொரு சாட்சி. பின்னிஷ் மொழி வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அது பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தச் சொல்லைக் கடன் வாங்கி 'வரஸ்' என்று வைத்துக்கொண்டது. இன்றைக்கும் பின்னிஷில் 'வரஸ்' என்றால் திருடன். ஓநாய்க்கு அவர்களிடம் 'சுசி' என்று வேறு சொல் இருக்கிறது. கடன் கொடுத்தவர் பொருளை மாற்றிவிட்டார், கடன் வாங்கியவர் பழைய பொருளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்!

இந்தச் சொல்லின் வேர் 'கழுத்தை நெரிப்பது' என்ற பொருள் உடையது என்று அறிஞர் பலர் கூறுகின்றனர். ஆங்கிலத்தில் நாம் தினமும் சொல்கிற 'வொரி' என்ற சொல்லும் அந்த வேரைச் சேர்ந்ததுதான் என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கும் ஆதிப் பொருள் கழுத்தை நெரிப்பது. பிறகு நாய் ஆட்டைக் கவ்விக் குதறுவதைக் குறித்து, கடைசியில் கவலையைக் குறித்தது. மாதக் கடைசியில் கார் கடன் தவணை கட்டுகிறவர்களுக்கு ஆதிப் பொருளே பொருத்தமாகத் தோன்றலாம்.

எது முந்தியது என்பதில் அறிஞர்களிடையே வழக்கு உண்டு. ஜெர்மன் அறிஞர் யாக்கோப் கிரிம், 1828-இல் வெளிவந்த பழைய சட்டங்களைப் பற்றிய நூலில், ஊரை விட்டு விரட்டப்பட்டவன் ஓநாயைப் போலக் காட்டில் திரிந்ததால் இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தது என்ற கருத்தை வலுப்படுத்தினார். ஆமாம், தம்பியோடு சேர்ந்து சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையைத் தொகுத்த அதே கிரிம்தான். மிகேல் யாக்கோபி என்ற ஆய்வாளர் 1974-இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். ஆதியில் குற்றவாளி என்ற பொருள் மட்டுமே இருந்தது என்பது அவர் வாதம். எனக்கு இந்த இரண்டாவது கட்சிதான் சரியாகப் படுகிறது. காரணம் எளியது. பிரான்சில் குற்றவாளி, இங்கிலாந்தில் குற்றவாளி, பின்லாந்தில் திருடன். வடக்கே, பழைய நோர்ஸ் மொழியில் மட்டும்தான் 'வர்கர்' என்ற சொல் குற்றவாளியையும் ஓநாயையும் சேர்த்துக் குறிக்கிறது. பல வீடுகளில் ஒரு மாதிரியும் ஒரு வீட்டில் மட்டும் வேறு மாதிரியும் இருந்தால், மாறியது அந்த ஒரு வீடுதான் என்று எண்ணுவதுதானே நியாயம்?

பெயரைச் சொன்னால் வந்துவிடும்

சரி, அந்த ஒரு வீட்டில் ஏன் மாறியது?

ஆடு மாடு வளர்க்கும் குடியானவருக்கு அந்தக் காலத்தில் ஓநாயைவிடப் பெரிய எதிரி இல்லை. பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்ற அச்சம் இருந்தது. ஆகவே 'உல்வ்' என்று வாய்விட்டுச் சொல்லாமல் சுற்றி வளைத்துச் சொன்னார்கள். "அந்தக் கொலைகாரன் வந்தான்", "அந்தப் பாவி வந்தான்" என்று நாமும் பெயர் சொல்லாமல் பேசுவதில்லையா? அப்படித்தான் 'வர்க்'. இந்த வழக்கம் நமக்கும் புதிதல்ல. காட்டோரத்து மலாய்க்காரர்கள் புலியை 'பாக் பெலாங்' என்று, வரிக்கோடு போட்ட பெரியவர் என்பதுபோல மரியாதையாகச் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், மாற்றுப் பெயரும் நாளடைவில் உண்மைப் பெயராகிவிடுகிறது. பிறகு அதையும் சொல்லப் பயம். 'வர்க்' பழகிப்போன பிறகு சுவீடன் நாட்டுப்புறத்தில் அதற்கும் ஒரு திரை போட்டு 'கிரோபேன்' என்றார்கள். சாம்பல் கால் என்று பொருள்.

கரடிக்கும் இதே கதை நடந்தது. கரடிக்கான ஆதிச் சொல் வடமொழியில் 'ருக்ஷ', கிரேக்கத்தில் 'ஆர்க்தோஸ்'. வடதுருவத்துக்கு ஆர்க்டிக் என்று பெயர் வந்ததே வடவானத்தின் கரடி விண்மீன் கூட்டத்தால்தான். ஆனால் உண்மையான கரடி உலாவிய வட ஐரோப்பாவில் அந்தச் சொல் காணாமல் போய்விட்டது. சுவீடிஷில் கரடி 'பியோர்ன்'. பழுப்பு நிறத்தான் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். காட்டு விலங்கு என்ற சொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு. ரஷ்யர்கள் கரடியைத் 'தேன் தின்னி' என்றே அழைக்கிறார்கள்.

ஆனால் கரடிக்குக் கிடைத்தது நிறப் பெயர், தேன் பெயர். ஓநாய்க்கு மட்டும் கிடைத்தது குற்றப் பெயர். இந்த வேறுபாட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய 'உல்வ்' சுவீடனை விட்டு அடியோடு போய்விடவில்லை. வேதாகமத்தில் வரும் ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாயைச் சுவீடன்காரர்கள் இன்றும் 'உல்வ்' என்றுதான் சொல்கிறார்கள். ஆண்களின் பெயரிலும் அது வாழ்கிறது. உல்ஃப் என்பது அங்கே சாதாரணப் பெயர். ரோல்ஃப், அடோல்ஃப், ருடால்ஃப் எல்லாவற்றின் வாலிலும் இருப்பது அதே ஓநாய்தான். ருடால்ஃப் என்றால் புகழ்பெற்ற ஓநாய். கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுக்கும் சிவப்பு மூக்குக் கலைமானுக்கு அந்தப் பெயரை வைத்தவர் இதை யோசித்திருக்க மாட்டார்! பிள்ளைக்கு வீரனின் பெயர் வேண்டும் என்றபோது உல்ஃப். ஆட்டைத் தூக்கிப் போனபோது வர்க். ஒரே விலங்குக்குப் புகழ்ப்பெயரும் வசைப்பெயரும் இப்படிப் பிரிந்து நின்றன.

கோவிலில் ஓநாய்

பழைய நோர்ஸ் சட்டத்தில் 'வர்கர் ஈ வேயும்' என்று ஒரு தொடர் உண்டு. புனிதத் தலத்தில் ஓநாய் என்று மொழிபெயர்க்கலாம். வழிபாட்டு இடத்தில் ஆயுதம் எடுத்து இரத்தம் சிந்தியவனுக்குக் கிடைத்த பட்டம் அது. எகிலின் சாகா என்ற ஐஸ்லாந்துக் காவியக் கதையில் அரசி குன்ஹில்டின் சகோதரன் எய்விண்ட், ஆயுதம் தரிக்கக் கூடாத இடத்தில் ஒருவனைக் கொல்கிறான். அரசியின் சகோதரனாக இருந்தும் அவனுக்கு இந்தப் பட்டம் கிடைக்கிறது. நாட்டை விட்டே போக வேண்டியதாகிறது.

ஐஸ்லாந்தின் பழைய சட்டத் தொகுப்பான 'கிராகாஸ்' முழுத் தண்டனை பெற்றவனைக் 'காட்டு மனிதன்' என்கிறது. அவனுக்கு உதவக் கூடாது. அவனை யார் கொன்றாலும் வழக்கில்லை. சமாதானம் செய்துகொண்ட பிறகு வாக்கை மீறியவன், ஓநாயைத் துரத்துகிற தூரமெல்லாம் துரத்தப்பட வேண்டும் என்ற கருத்தும் அதில் வருகிறது. இத்தனைக்கும் ஐஸ்லாந்தில் ஓநாயே கிடையாது. மனிதர் குடியேறும் முன் அங்கே இருந்த ஒரே தரைவாழ் பாலூட்டி பனிநரிதான். விலங்கு இல்லாத ஊருக்கு அதன் பெயர் மட்டும் கப்பலேறிப் போயிற்று. பெயர் சும்மா இருக்குமா? ஆள் தேடியது. இன்று ஐஸ்லாந்தில் ஆட்டுக்குட்டியையும் வாத்துக் கூட்டையும் நாசம் செய்யும் நரிக்கு 'வர்கூர்' என்கிறார்கள். தொல்லை தரும் கடற்காகம் போன்ற பறவைகள் 'வர்க்ஃபூக்ல்'. ஏரிக்கரையில் மொய்த்துக் கடிக்கும் கொசு போன்ற சிறு பூச்சிக்கூட்டம் 'மீவர்கூர்'. கொலைகாரனில் தொடங்கிய சொல் பூச்சியில் வந்து நிற்கிறது.

எங்கள் தொலைக்காட்சித் தொழிலோடு தொடர்புடைய ஒரு செய்தி. நார்வேயின் பெர்கன் நகரை வைத்துத் துப்பறியும் கதைகள் எழுதும் குன்னார் ஸ்டாலெசன் தம் கதாநாயகனுக்கு வர்க் வேயும் என்று பெயர் வைத்தார். முதல் நாவல் 1977-இல் வந்தது. 2007 முதல் படங்களாகவும் எடுத்தார்கள். குழந்தைகள் நலத்துறையில் வேலை பார்த்துவிட்டுத் தனியார் துப்பறிவாளர் ஆனவர், ஊரோடு ஒட்டாத ஆள். அவர் பெயரைக் கேட்டதும் அந்தப் பழைய சட்டத் தொடர் நார்வே மக்களின் நினைவுக்கு வரும். திரையின் அடியில் வசனம் போடுகிறவர் என்ன செய்ய முடியும்? வெறும் பெயராகத்தான் போடுவார். நம் காதில் அது ஏதோ ஒரு வெள்ளைக்காரர் பெயராகக் கடந்து போகும்.

அமைதி இழந்தவன், அமைதி பெற்றது

இனி இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்.

சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவனைச் சுவீடிஷில் 'ஃப்ரெட்லோஸ்' என்பார்கள். 'ஃப்ரெட்', 'ஃப்ரிட்' என்றால் அமைதி, அதாவது பாதுகாப்பு. அமைதி இல்லாதவன், யாரும் கை வைக்கலாம் என்று விடப்பட்டவன் என்று பொருள். இதற்கு நேர் எதிரான ஒரு சொல் இன்றைய சுற்றுச்சூழல் சட்டத்தில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட விலங்கையும் செடியையும் 'ஃப்ரிட்லீஸ்ட்' என்கிறார்கள். அமைதி அறிவிக்கப்பட்டது என்று பொருள். ஒரே அமைதியை ஒருவனிடமிருந்து பறித்தார்கள், ஒரு விலங்குக்கு வழங்கினார்கள்.

சுவீடனில் ஓநாயைக் கொன்றால் சன்மானம் என்ற காலம் நெடுங்காலம் நீடித்தது. ஊர் திரண்டு வேட்டைக்குப் போவது சட்டப்படியான கடமையாகவே இருந்தது. டென்மார்க்கில் கடைசி ஓநாயை 1813-இல் சுட்டார்கள். சுவீடனில் 1960-களுக்குள் ஓநாய் ஏறக்குறைய அழிந்தே போயிற்று. 1966-இல்தான் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட விலங்காக அறிவித்தது. அதாவது, பெயரளவில் 'அமைதி இழந்தவன்' ஆன வர்க், சட்டத்தில் 'அமைதி பெற்றது' ஆனது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு தீர்ப்பை ஓர் அரசாணை மாற்றி எழுதியது.

காகிதத்தில் மாறியது, மனத்தில் மாறியதா?

1983-இல் வெர்ம்லாண்ட் வட்டாரத்தில் ஓநாய்க் குட்டிகள் பிறந்தன. கிழக்கே பின்லாந்து, ரஷ்யப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு ஜோடியின் குட்டிகள். 1990-களின் தொடக்கத்தில் இன்னுமோர் ஓநாய் வந்து கலந்தது. இந்த மூன்றின் வழியில்தான் பிறகு கூட்டம் பெருகியது. மகிழ்ந்தவர்கள் உண்டு. ஆட்டுப் பட்டியை இழந்தவர்களும், வேட்டை நாயை இழந்தவர்களும், வடக்கே கலைமான் மேய்க்கும் சாமி இன மக்களும் மகிழவில்லை. அவர்கள் கோபத்தை ஸ்டாக்ஹோம் அடுக்குமாடியில் உட்கார்ந்திருப்பவர் எளிதாகக் கேலி செய்துவிடலாம். அது நியாயமல்ல. நட்டம் அவர்களுடையது. 2010 ஜனவரியில் 27 ஓநாய்களைச் சுட அரசு உரிமம் கொடுத்தபோது பல்லாயிரம் பேர் வேட்டைக்குப் பெயர் கொடுத்தார்கள். சுடவேண்டிய தேவையைவிட அங்கே வேறு ஏதோ பெரிதாக இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கரடியும் ஆட்டைக் கொல்கிறது, ஆனால் கரடிப் பிரச்சினைக்கு இவ்வளவு சூடு இல்லை.

2024-25 குளிர்காலக் கணக்கெடுப்பில் சுவீடனில் சுமார் 350 ஓநாய்கள் இருந்தன. குறைந்தது 300 இருக்க வேண்டும் என்று வைத்திருந்த அளவை 2025-இல் அரசு 170 ஆகக் குறைத்தது. அதே காலத்தில், 2024 டிசம்பரில், ஐரோப்பிய வனவிலங்குகளுக்கான பெர்ன் ஒப்பந்தமும் ஓநாயைக் 'கடும் பாதுகாப்பு' பட்டியலிலிருந்து ஒரு படி கீழே இறக்கியது. டென்மார்க்கில் 2012 முதல் மீண்டும் ஓநாய் தென்படுகிறது. அங்கேயும் வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

அரங்கத்தில் ஓர் அன்பர் எழுந்து, "பெயரை மாற்றிவிட்டால் சண்டை தீர்ந்துவிடுமா?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். தீராது ஐயா. நார்வேயில் அதன் பெயர் அந்தப் பழைய, கண்ணியமான 'உல்வ்'தான். அங்கேயும் துப்பாக்கி இருக்கிறது, நாடாளுமன்றத்தில் சண்டையும் இருக்கிறது. ஆனால் சுவீடனில் இதைப் பற்றிப் பேச வருகிற யாரும், ஓநாயின் பக்கம் பேச வருகிறவர் உட்பட, முதல் வாக்கியத்திலேயே அதைக் குற்றவாளி என்று அழைத்துவிட்டுத்தான் வாதத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அவருக்கே அது தெரியாது என்பது வேறு விஷயம்.

சுவீடனும் நார்வேயும் பங்கிட்டுக்கொள்ளும் அந்த எல்லைக் காட்டில் வேலி கிடையாது. சில ஓநாய்க் குடும்பங்களின் நடமாட்டம் இரண்டு நாட்டிலும் பரந்து கிடக்கிறது. கணக்கெடுப்பவர்கள் அவற்றைப் பாதி இந்த நாட்டுக்கும் பாதி அந்த நாட்டுக்கும் எழுதிக்கொள்கிறார்கள். இரவில் கிழக்கே இரை தேடிப் போகும்போது அது வர்க். விடியுமுன் மேற்கே திரும்பிவிட்டால் உல்வ்.